இடது கம்பம்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை ஐஸ் ஹாக்கி அரையிறுதியில் ரப்பர் வட்டு பறந்துவந்து கோல்கீப்பர் ஆர்லோவின் ஹெல்மெட்டில் மோதிய சத்தம், பதினெட்டாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த அரங்கத்திலும் அவன் அம்மா டார்லாவுக்குத் தனியாகக் கேட்டது. விழுந்தவன் எழுந்தான். நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அப்புறம் இரண்டாவது கூடுதல் நேரம் வரைக்கும் கோலில் நின்று, கிரானைட் லேக் கல்லூரியைத் தேசியச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அந்தக் கல்லூரிக்கு இப்படியொரு நாள் இதுவரை வாய்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஓட்டல் அறையில் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினான். அம்மா கொண்டுபோன காட்டரிசி சூப்பில் இரண்டு ஸ்பூன்கூட இறங்கவில்லை. "களைப்பு" என்றான். எல்லோரும் நம்பினார்கள். டார்லாவும் நம்பத்தான் பார்த்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. ஆட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு.

ஓட்டலின் காலைச் சாப்பாட்டுக் கூடம் பச்சையும் மஞ்சளுமாக நிறைந்து கிடந்தது. இருபத்தேழு வீரர்களின் அப்பா அம்மாக்களில் வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி, ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். டார்லா, கர்ட் ஹக்கலா தம்பதி மட்டும் வழக்கம்போல ஜன்னலோரத் தனி மேஜையில். இதில் சண்டை ஒன்றும் இல்லை. கோல்கீப்பரைப் பெற்றவர்கள் எப்போதுமே இப்படித்தான். ஒரு கோல் விழுந்தால் மற்றவர்களின் தலை தானாகத் திரும்பும். திரும்பினால் யார் முகம் அகப்படும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"சாப்பிடு டார்லா. முட்டையை முறைச்சுப் பார்த்தா அது உள்ளே போகாது" என்றான் கர்ட். தொடர் ஆட்டங்கள் ஆரம்பித்ததிலிருந்து அவன் சவரம் செய்யவில்லை. சாக்ஸையும் மாற்றவில்லை.

"அந்த சாக்ஸை இன்னிக்காவது கழட்டுவியா?"

"ஜெயிக்கிறவரைக்கும் மாட்டேன்."

"கழட்டி வச்சா அதுவே நடந்து ஆட்டத்துக்குப் போயிடும்."

கர்ட் சிரித்தான். அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்துப் பல மாதம் ஆகிறது. சுரங்கத்தில் ஆள்குறைப்பு என்று பேச்சு அடிபட்ட நாளிலிருந்து வீட்டில் அவன் பேசுவதே குறைந்துபோயிருந்தது. இப்போது மேஜைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"அந்த கிளப் ஆளு நேத்துப் பேசினான். இன்னிக்கு ஆட்டத்தை நேர்ல பார்க்கிறானாம். நாளைக்குக் காலையில நாம மூணு பேரும் அவனோட காபி சாப்பிடணுமாம். காபி, டார்லா! தொழில்முறை கிளப்காரன் சும்மா யாருக்கும் காபி வாங்கித் தரமாட்டான்."

"ஆர்லோ எப்படி இருக்கான்னு கேட்டியா?"

"அவன்கிட்டயே கேட்டேன். பரவாயில்லைன்னான்."

அதைக் கேட்டு டார்லாவுக்கு மூச்சு வந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் குறைத்துத்தான் சொல்வார்கள். "பரவாயில்லை" என்றால் ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்று அர்த்தம். "கொஞ்சம் சுமார்" என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். டார்லாவின் அப்பா, இடது கை முறிந்து தொங்க, வாசலில் வந்து நின்று சொன்ன வார்த்தை அதுதான்.

காலைப் பயிற்சி பத்தரைக்கு. வியர்க்க வியர்க்க ஆடுவதற்கல்ல. கால் கை பழகிக்கொள்வதற்கு. வீரர்கள் சோம்பலாக இரண்டு சுற்று வந்து, கோலை நோக்கி நாலு அடி அடித்துவிட்டுப் போவார்கள். வெற்று அரங்கத்தில் வட்டு பலகையில் மோதும் சத்தம் துப்பாக்கிபோல் எதிரொலித்தது. கர்ட் மேல்வரிசையில் போய் உட்கார்ந்தான். டார்லா கீழே, கோலுக்குப் பின்பக்கக் கண்ணாடி மூலையில் நின்றாள். மகன் ஐந்து வயதில் பேடு கட்டிய நாளிலிருந்து அதுதான் அவள் இடம்.

அந்த ஐந்து வயதில், வீட்டுக்குப் பின்னால் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த தளத்தில், கர்ட்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். கோல் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் அவ்வளவுதான். குச்சியை வீசி வலது கம்பத்தைத் தட்டு, இடது கம்பத்தைத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் நீ. பையன் அதை உடம்போடு ஏற்றிக்கொண்டான். சர்ச்சில் பெஞ்சின் இரண்டு ஓரங்களையும் தட்டுவான். சமையலறைக்குள் வரும்போது நிலைப்படியை இரண்டு பக்கமும் தட்டுவான். டார்லா வீட்டு நிலையில் இன்றைக்கும் முழங்கால் உயரத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதில், நாட்டின் நல்ல கோல்கீப்பர்கள் நான்கு பேரில் ஒருவன் என்று பத்திரிகைகள் எழுதும் இந்த வருஷத்திலும், ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் டக், டக்.

வலது கம்பம். டக்.

இடது பக்கம் குச்சியை வீசினான். சத்தம் இல்லை.

டார்லா கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். குச்சி காற்றில் போயிருந்தது. கம்பத்துக்கும் குச்சிக்கும் ஒரு சாண் இடைவெளி. ஆர்லோ உடனே காலால் ஐஸைச் சுரண்டினான், அங்கே ஏதோ சரி செய்ய வேண்டியிருந்ததுபோல.

கை தவறியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தோரு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எந்தப் பிள்ளை தூங்குகிறது, எது அழப்போகிறது, எது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளப்போகிறது என்று பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணிடம் போய் யாரும் பொய் சொல்ல முடியாது, அவள் உட்பட.

அடுத்த விசில். வலது, டக். இடது, காற்று.

மூன்றாவது விசிலுக்கும் அப்படியே. நான்காவது தடவை அவன் தட்டவே இல்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து, முதுகு கம்பத்தில் இடித்த பிறகே நின்றான்.

பயிற்சி முடிந்து வீரர்கள் வெளியேறும் வழியில் அவனைப் பிடித்தாள். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். தலைக்கு மேலிருந்த குழல்விளக்கைத் தவிர்த்துச் சுவரோரமாக நடந்துவந்தான்.

"ஆர்லோ, நில்லு. இடது கம்பம் என்ன ஆச்சு?"

"ஐஸ் அங்க குழியா இருக்கும்மா. குச்சி வழுக்கிடுச்சு."

"மூணு தடவையா?"

அவன் கையுறையை மடக்கினான், விரித்தான். அப்புறம் வெள்ளந்தியாக ஒரு சிரிப்பு. ஜாடி உடைத்த வயதிலும் அதே சிரிப்புத்தான்.

"கொஞ்சம் சுமார். அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அம்மா. ஒண்ணே ஒண்ணு. அறுபது நிமிஷம். அப்புறம் நான் வருஷம் முழுக்கப் படுத்துத் தூங்கறேன், நீ சூப் ஊத்து. யார்கிட்டயும் சொல்லாதே. சரியா?"

டார்லா வாயைத் திறக்கவில்லை. அதையே அவன் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, அவள் தோளில் தட்டிவிட்டு நடந்தான்.

மூடிய திரையும் தொடாத சூப்பும் அவளுக்குப் புதிதல்ல. அவள் தம்பி டென்னி ஒரு காலத்தில் இதே ஆட்டத்தின் செல்லப்பிள்ளை. மூன்று தடவை தலையில் அடி. மூன்று தடவையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவன்தான். இப்போது நாற்பத்தெட்டு வயது. அடுப்படி விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடமாடுகிறான். மருமகன் ஆட்டத்தைக்கூடச் சத்தத்தை அணைத்துவிட்டு, கால் மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியாது அவனால்.

வண்டி நிறுத்துமிடத்தில் கர்ட் லாரி மாதிரியான தன் பழைய வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். டார்லா ஏறிக் கதவைச் சாத்தினாள். ரேடியோவை அணைத்தாள்.

"இடது கம்பத்தைத் தட்ட முடியலை அவனால."

கர்ட் முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி இருந்தான். ஏப்ரல் மாதத்து அழுக்குப் பனி ஓரமாகக் குவிந்து கிடந்தது.

"நீ பார்த்தியா, கர்ட்?"

"நான் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"காலைப் பயிற்சியில ஸ்கோர்போர்டுல என்ன இருக்கு?"

அணைந்து கிடந்த பலகையை ஒரு மனிதன் இருபது நிமிஷம் வெறித்துப் பார்த்திருக்கிறான் என்றால், வேறு எதையோ பார்த்துவிட்டான் என்றுதான் பொருள். தட்டச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தானே.

"பெக்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்" என்றாள் டார்லா. அணியில் அடிபட்டவர்களைக் கவனிப்பது பெக் என்ற பெண். அவள் ஒரு வார்த்தை சொன்னால் கோச்சாலும் அதை மாற்ற முடியாது.

"நாளைக்குச் சொல்லு. கையெடுத்துக் கும்பிடறேன், நாளைக்குச் சொல்லு."

"இன்னிக்கு இன்னொண்ணு தலையில விழுந்தா?"

"விழாது. எத்தனை ஆட்டத்துல தலையில விழுது? நூத்துல ஒண்ணு."

"நான் ரயில் பாதையைக் கடக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் பஸ்ஸை நிறுத்தறேன். கதவைத் திறக்கறேன். காதைக் கொடுத்துக் கேக்கறேன். அப்புறம்தான் எடுக்கறேன்."

"இருபத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூட ரயில் வரலியே டார்லா!"

"அதுக்காகக் கதவைத் திறக்காம இருந்தேனா?"

கர்ட் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அவன் உன்னை மன்னிக்கவே மாட்டான். வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டான். அதை யோசிச்சியா?"

யோசித்திருந்தாள். கண்ணாடி மூலையிலிருந்து இங்கே நடந்துவந்த வழியெல்லாம் வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. மகன் இனிமேல் வீட்டுக்கு வராமல் போகப்போகிற கிறிஸ்துமஸ்களை எண்ணிப் பார்த்திருந்தாள். போனை எடுத்து "அப்பாகிட்ட கொடு" என்று மட்டும் சொல்லும் குரலையும் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"மன்னிக்க வேண்டாம். கோபத்தை ஞாபகம் வச்சிருக்கவாவது அவன் தலை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கர்ட் அவள் பின்னால் வரவில்லை. ரேடியோவை மறுபடி போடவும் இல்லை.

மருத்துவ அறையில் பெக் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். டார்லா ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "இடது கம்பத்தைத் தட்டறப்போ ஒரு சாண் தவறுது. மூணு தடவை." பெக் கையிலிருந்த துண்டை அப்படியே வைத்தாள். இந்த வேலையில் பதினாறு வருஷம் இருந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"நேத்துக் கேட்டேன், தலைவலி இல்லைன்னான். கேள்விக்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொன்னான். கண்ணை மறுபடி பார்க்கிறேன்" என்றாள். பிறகு, கதவுவரை வந்து, "யார் சொன்னாங்கன்னு நான் வாயைத் திறக்க மாட்டேன், டார்லா. அது என் வேலையோட விதி" என்றாள்.

டார்லா நன்றி என்றாள். வெட்கமாக இருந்தது. அந்த விதி தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டு மணிக்குச் செய்தி வந்துவிட்டது. ஆர்லோ ஹக்கலா ஆடவில்லை. மூளை அதிர்வு. கோலில் ஹாலிஸ் நிற்பான்.

ஹாலிஸ் முதலாண்டுப் பையன். அலாஸ்காவிலிருந்து வந்தவன். அணியின் இரண்டாவது கோல்கீப்பர். இந்த வருஷம் முழுக்கச் சேர்த்து அவன் கோலில் நின்றது நாற்பத்திரண்டு நிமிஷம். விமானம் ஏறி வர அவன் வீட்டாருக்கு வசதிப்படவில்லை. அதனால் விடுமுறைகளில் ஆர்லோ அவனை வீட்டுக்குக் கூட்டி வருவான். டார்லா சமைத்ததை மூன்று தட்டு தின்றுவிட்டு, தானே பாத்திரமும் கழுவி வைக்கிற பிள்ளை.

மூன்று மணிக்கு ஓட்டல் அறையில் டார்லாவின் போன் அடித்தது.

"மிஸஸ் ஹெச், நான் ஹாலிஸ்." குரலுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். "பாத்ரூம்ல இருக்கேன். ரெண்டு தடவை வாந்தி எடுத்தாச்சு."

"பயம்தான் கண்ணு. கொஞ்சம் தண்ணி குடி."

"பயம் இல்லீங்க. இல்ல, பயமும் இருக்கு. ஆர்லோ என்கிட்ட பேசமாட்டேங்கிறான். நான்தான் பெக்கிட்ட போட்டுக் கொடுத்தேன்னு நினைக்கிறான். ஒரே ரூம்ல தங்கியிருக்கோமில்ல. டீம்ல பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. உடை மாத்தற ரூம்ல நான் உள்ளே போனா பேச்சு நின்னுடுது."

டார்லா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் சொல்லல, மிஸஸ் ஹெச். சத்தியமா சொல்லல. ஆனா பார்த்தேன். வியாழக்கிழமை ஆட்டம் முடிஞ்சு வந்து குப்பைத்தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான். நேத்துப் பல் தேய்க்கிறப்போ பேஸ்ட்டை பிரஷ்ல வைக்காம கைமேல வச்சுக்கிட்டான். எனக்குத் தெரியும். ஆனா நான் எப்படிச் சொல்றது? அவன் போனா அடுத்தது நான்தானே! கோல்ல நிக்க ஆசைப்பட்டுச் சொன்னேன்னு ஆகாதா? அதனால பேசாம இருந்தேன். அது தப்புதானே?"

"தப்புதான்" என்றாள் டார்லா. பிள்ளைகளிடம் அவள் பொய் சொல்வதில்லை. "ஆனா அதைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப முகத்தைக் கழுவு. பேடைக் கட்டு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

போனை வைத்தாள். பெக் காட்டிக்கொடுக்க மாட்டாள். கர்ட்டும் சொல்ல மாட்டான். அவளும் வாயை மூடிக்கொண்டால், மகன் கடைசிவரை அவள் மகனாகவே இருப்பான். பழி முழுக்க அந்த அலாஸ்காப் பையன் தலையில் விழும். அதைச் சுமந்துகொண்டு அவன் ஐந்து மணிக்குக் கோலில் போய் நிற்க வேண்டும்.

ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததை மறைப்பதில் அர்த்தமில்லை. பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அரங்கத்துக்குக் கீழே, மருத்துவ அறையின் வாசலில் ஆர்லோ உட்கார்ந்திருந்தான். கோட்டு மாட்டி, டை கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் டார்லாவுக்கு டென்னியின் முகம் வந்துபோனது.

"அப்பா எங்கே?" என்றான்.

"வண்டியில இருப்பார். ஆர்லோ, நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"பெக்கிட்ட. காலையில, பயிற்சி முடிஞ்ச கையோட. ஹாலிஸ் இல்ல. நான்."

தலைக்கு மேலே, மாடியில் பதினெட்டாயிரம் ஜோடிக் கால்கள் இருக்கை தேடி நடக்கும் சத்தம் இடிபோல் உருண்டது.

"சொல்லாதேன்னு சொன்னேன் உன்கிட்ட."

"சொன்னே. நான் சரின்னு சொல்லலை."

"அது வக்கீல் பேச்சு, அம்மா."

"ஆமா. வக்கீல் பேச்சுதான்."

"பதினேழு வருஷம்." அவன் டை முடிச்சைத் தளர்த்தினான். "பதினேழு வருஷம் காலையில நாலரைக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போனதும் நீதான். பேடு காயலைன்னு அடுப்புக்குப் பக்கத்துல தொங்கவிட்டதும் நீதான். இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் உன்னால சும்மா இருக்க முடியலை."

"முடியலைடா."

"போ அம்மா."

"போறேன். ஹாலிஸை என்ன சொன்னே நீ?"

ஆர்லோ சுவர் பக்கம் திரும்பினான். "இனிமே என் மூஞ்சில முழிக்காதேன்னேன். எல்லார் முன்னாலயும்."

"அவன் பார்த்தான், வாயைத் திறக்கலை. திறந்திருக்கணும். அந்தக் கணக்கை உனக்குத் தோணறப்போ தீர்த்துக்கோ. ஆனா அவன் செய்யாத ஒண்ணுக்காக அவனை இன்னிக்கு அங்க தனியா அனுப்பாதே. என்மேல எவ்வளவு கோபம் வேணா படு. ஆளை மாத்திப் படாதே."

அவள் நடந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏறிப்போய்த் தன் இடத்தில் நின்றாள். இன்றைக்கு அது வீரர்கள் வெளியே வரும் வழிக்கு நேர்மேலே, கம்பிவேலியை ஒட்டி இருந்தது.

எதிரே, எதிரணியான பாஸ்டன்காரர்களின் மாணவர் கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டிருந்தது. கோலில் புதுப்பையன் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. "சல்லடை! சல்லடை!" என்று கைதட்டிப் பாடினார்கள். எல்லா ஊரிலும் எதிரணிக் கோல்கீப்பருக்கு வைக்கிற பெயர்தான் அது. ஆர்லோ அதைக் கேட்டால் குதூகலமாக இடுப்பை ஆட்டிக் காட்டுவான். ஹாலிஸ் என்ன செய்வானோ.

போன் அதிர்ந்தது. பெக்கிடமிருந்து செய்தி. முதல் இடைவேளையில் டாக்டர் உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும் என்கிறார், கர்ட்டையும் அழைத்து வாருங்கள். டார்லா மேல்வரிசையைப் பார்த்தாள். கர்ட்டின் இருக்கையில் ஆள் இல்லை. பக்கத்தில் அந்தக் கிளப் ஆள் மட்டும் நிகழ்ச்சித் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். கர்ட்டின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

விளக்குகள் அணைந்தன. கீழே, வாசலில் அணி வரிசையாக வந்து நின்றது. கோல்கீப்பர்தான் முதலில் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவனும் அவன் கால் பேடில் குச்சியால் தட்டிவிடுவான். நாங்கள் இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். சிலர் தட்டினார்கள். சிலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாலிஸின் தோள் ஹெல்மெட்டுக்குள் போய்விடும்போல் ஒடுங்கியிருந்தது.

வாசலின் ஓரத்தில், பெக்குக்குப் பக்கத்தில், டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆர்லோ வந்து நின்றான். வரிசையில் சட்டென்று பேச்சு நின்றது.

ஹாலிஸ் அவனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். ஆர்லோ அவனுக்கு எதிரே வந்தான். மெல்ல, தலை அசையாமல் முட்டி மடக்கிக் குனிந்தான். முஷ்டியை மடக்கி, ஹாலிஸின் வலது பேடில் ஒரு குத்துக் குத்தினான். அடுத்து இடது.

முஷ்டி காற்றில் போனது.

பேடுக்குச் சற்றுத் தள்ளி, ஒன்றும் இல்லாத இடத்தில் அவன் கை நின்றது. அதையே பார்த்தபடி இருந்தான். அணியின் மற்ற இருபத்தாறு பேரும் அதைப் பார்த்தார்கள். மேலே டார்லா வேலிக்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஹாலிஸ் தன் இடது காலை நகர்த்தினான். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சாண். பேடு நகர்ந்துபோய் ஆர்லோவின் முஷ்டியில் தானே முட்டியது.

பின்னால் நின்ற கேப்டன் தொண்டையைச் செருமினான். குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாலிஸின் கால்களில் விழ ஆரம்பித்தன. முன்பு வேறெங்கோ பார்த்தவர்களும் தட்டினார்கள். ஹாலிஸ் ஐஸில் இறங்கி, நேராகக் கோலுக்குப் போனான்.

படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆர்லோ ஏறி வந்தான். "பத்து நிமிஷம்தான், அப்புறம் இருட்டு ரூமுக்கு வந்துடணும்" என்று கீழிருந்து பெக் குரல் கொடுத்தாள். அவன் அம்மாவின் பக்கத்தில் வரவில்லை. இரண்டு முழம் தள்ளி, வேலியில் முழங்கையை ஊன்றி நின்றான். டார்லாவும் திரும்பிப் பார்க்கவில்லை. பேசினால் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

கீழே ஹாலிஸ் குச்சியை வீசினான். வலது, டக். இடது, டக்.

"அம்மா."

"ம்."

"அங்க எத்தனை கம்பம் தெரியுது உனக்கு?"

"ரெண்டு."

நடுவர் வட்டை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு வந்தார். மொத்த விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. ஆர்லோ கண்ணாடிக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"எனக்கு நாலு" என்றான்.

டார்லா அந்த இரண்டு முழத்தையும் கடந்து, விளக்கு வெளிச்சம் அவன் முகத்தில் விழாதபடி மறைத்து நின்றுகொண்டாள்.